வாடகைக்கு வந்த வெற்றி

13 ஆட்டம் தோற்காத அணி, அடுத்த ஆண்டே 10 ஆட்டம் தோற்றது. ஃப்ளோரிடா ஸ்டேட் சரிந்த கதை

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத் தலைநகர் டலஹாசி. டோக் கேம்பல் மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிந்துவிட்டது. பரம வைரியான ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணி 31-11 என்று ஜெயித்தது. ஜெயித்தவர்கள் சும்மா கிளம்பவில்லை. தங்கள் கொடியைக் கொண்டுவந்து மைதானத்தின் நட்ட நடுவில் ஊன்றினார்கள்.

அந்த இடத்துக்கு ஒரு மரியாதை உண்டு. உள்ளூரில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும், செமினோல் இனத் தலைவர் ஓசியோலாவின் வேடமிட்ட மாணவர் ஒருவர் ரெனிகேட் என்ற குதிரையில் பாய்ந்து வந்து, தீப்பற்றி எரியும் ஈட்டியைக் குத்தி நிறுத்துவது அங்கேதான். 1978 முதல் நடந்துவரும் சடங்கு. எதிரி ஊர்க்காரன் வந்து அதே புல்லில் கொடி நட்டால் எப்படி இருக்கும்?

ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் தலைமைக் கோச் மைக் நார்வெல் அதைப் பார்த்தார். நேரே போனார். கொடியைப் பறித்து வீசினார். இரு தரப்பு வீரர்களும் தள்ளுமுள்ளில் இறங்கினார்கள். அந்த ஆண்டு முழுக்க அவர் தரப்பு எதிரியிடமிருந்து பறித்தவற்றில் மறக்க முடியாதது அந்தக் கொடிதான் என்று சொன்னால் குரூரமாகத்தான் இருக்கும். ஆனால் பொய்யில்லை.

அன்றோடு பருவம் முடிந்தது. 12 ஆட்டங்கள், 2 வெற்றி, 10 தோல்வி. சரியாக ஓராண்டு முன்பு இதே அணி, இதே கோச், 13 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காமல் நாட்டின் சாம்பியன் பட்டத்துக்குக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றது. 2024 பருவம் தொடங்கும் முன் வந்த ஏ.பி. செய்தி நிறுவனத் தரவரிசையில் அதற்குப் பத்தாவது இடம். கல்லூரி அணிகள் ஏறுவதும் இறங்குவதும் புதிதல்ல. ஆனால் இவ்வளவு உயரத்திலிருந்து, ஒரே ஆண்டில், இவ்வளவு ஆழத்துக்கு?

பெண்கள் கல்லூரியில் பிறந்த அணி

டலஹாசி சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் ஊர். சட்டசபையும் பல்கலைக்கழகமும்தான் அதன் பிழைப்பு. 1947 வரை அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கான கல்லூரி. போர் முடிந்து திரும்பிய இளைஞர்களுக்கு இடம் தேவைப்பட்டது. அரசு அதை இருபாலர் பல்கலைக்கழகமாக மாற்றியது. அதே ஆண்டு கால்பந்து அணியும் பிறந்தது. முதல் பருவத்தில் ஐந்து ஆட்டம், ஐந்தும் தோல்வி.

1973-இல் இன்னும் மோசம்: 11 ஆட்டம், 11 தோல்வி. மறு ஆண்டு 1-10, அதாவது ஒரு வெற்றி, பத்து தோல்வி. அணியையே கலைத்துவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. அந்த நிலையில் 1976-இல் வந்தவர் பாபி பௌடன். மற்ற ஊர்க் கார்களில் 'இன்ன அணியைத் தோற்கடி' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், இங்கே 'யாரையாவது தோற்கடி' என்று ஒட்டியிருந்தார்கள் என்று அவர் பிற்காலத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். முதல் ஆண்டு அவருக்கும் 5-6 தான். அதன்பின் 2009-இல் ஓய்வு பெறும் வரை ஒரு பருவத்தில்கூட வெற்றியைவிடத் தோல்வி கூடவில்லை. 1987 முதல் 2000 வரை 14 ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் முதல் ஐந்து அணிகளுக்குள் முடித்தார். 1993, 1999 ஆகிய இரண்டு பருவங்களில் தேசியப் பட்டம். அவருக்குப் பின் ஜிம்போ ஃபிஷர் காலத்தில் 2013-இல் மூன்றாவது.

டலஹாசிக்காரர்களின் மனசு இந்த வரலாற்றில்தான் சிக்கியிருக்கிறது. ஜெயிப்பது அவர்களுக்கு வழக்கம். தோற்பது யாரோ செய்த தவறு.

பதின்மூன்று பேர் மூடிய கதவு

நார்வெல் 2020 பருவத்துக்கு மெம்ஃபிஸிலிருந்து வந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் 3-6, 5-7. 2022-இல் 10-3. 2023-இல் எல்லாம் கூடி வந்தது. அணியின் மூளையாக இருந்தவர், பந்தெறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ். நவம்பர் 18-ஆம் தேதி, வடக்கு அலபாமா என்ற சின்ன அணியுடன் ஆடியபோது அவருக்குக் காலில் பலத்த அடி. பருவம் முடிந்தது. மாற்று ஆட்களை வைத்துக்கொண்டே அடுத்த ஆட்டங்களையும் ஜெயித்து, டிசம்பர் 2-ஆம் தேதி லூயிவில் அணியை 16-6 என்று வீழ்த்தி ஏ.சி.சி. லீக் பட்டத்தையும் எடுத்தார்கள். 13-0.

மறுநாள் 13 பேர் கொண்ட தேர்வுக் கமிட்டி, தேசிய அரையிறுதிக்குப் போகும் நான்கு அணிகளை அறிவித்தது: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. டெக்சஸும் அலபாமாவும் தலா ஓர் ஆட்டம் தோற்றவை. டிராவிஸ் இல்லாத ஃப்ளோரிடா ஸ்டேட் வேறு அணி என்பது கமிட்டி சொன்ன காரணம். பெரிய லீக் ஒன்றில் தோற்காமல் பட்டம் வென்ற அணியை, இந்த நான்கு அணித் தேர்வு முறை வந்தபின் ஒதுக்கியது அதுவே முதல் தடவை. மாநில ஆளுநர் ரான் டிசான்டிஸ், வழக்குப் போட அரசு பட்ஜெட்டில் பத்து லட்சம் டாலர் ஒதுக்கலாம் என்றே யோசனை சொன்னார்.

(ஒரு சேதி. அந்த அறிவிப்புக்கு மறுநாள், இதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி, நாம் பழகிய காலால் ஆடும் கால்பந்தில், ஸ்டான்ஃபோர்டை 5-1 என்று நொறுக்கி, பருவம் முழுக்கத் தோல்வியே இல்லாமல் தேசியப் பட்டம் வென்றது. தலைப்புச் செய்தி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.)

ஆறுதல் பரிசாகக் கிடைத்த ஆரஞ்சு பௌல் ஆட்டத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் வரவில்லை. சிலருக்குக் காயம், சிலர் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். கனவோடு விலகினார்கள், சிலர் வேறு கல்லூரிக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். ஜார்ஜியா 63, ஃப்ளோரிடா ஸ்டேட் 3. சரிவு 2024-இல் தொடங்கியதாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த 63-3 ஆட்டத்திலேயே, 2023 அணி என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது.

பத்து தோல்வி

2024 பருவத்தின் முதல் ஆட்டம் அயர்லாந்தில், டப்ளின் நகரின் அவிவா மைதானத்தில். எதிரணி ஜார்ஜியா டெக். விருந்துக்குப் போவதுபோல ரசிகர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போயிருந்தார்கள். 21-21 என்று சமநிலை. கடிகாரம் ஓடி முடியும் நொடியில் ஜார்ஜியா டெக் 44 யார்டு தூரத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தது. 24-21. பயணக் களைப்பு, முதல் ஆட்டத் தடுமாற்றம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள அப்போது இடம் இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, உள்ளூரில், பாஸ்டன் காலேஜிடம் 28-13. இப்போது சமாதானம் பாதி தீர்ந்தது.

மிச்சத்தையும் தீர்த்தது மெம்ஃபிஸ். பெரிய கல்லூரிகள் பருவத் தொடக்கத்தில் சற்றுச் சிறிய அணியைப் பணம் கொடுத்துத் தங்கள் மைதானத்துக்கு வரவழைப்பது வழக்கம். வருகிறவருக்குப் பணம், அழைத்தவருக்கு ஒரு சுலப வெற்றி. மெம்ஃபிஸுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தார்கள். வந்தது நார்வெலின் பழைய அணி. 20-12 என்று ஜெயித்து, காசையும் வாங்கிக்கொண்டு போனது. ஃப்ளோரிடா ஸ்டேட் 0-3.

கலிஃபோர்னியாவை 14-9 என்று தட்டுத்தடுமாறி வென்றபின் எஸ்.எம்.யு.விடம் 42-16. அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் டி.ஜே. உயங்கலெலெய்க்குப் பந்தெறியும் கையிலேயே காயம். அனுபவமில்லாத இரண்டு இளைஞர்களை மாற்றி மாற்றி இறக்கிப் பார்த்தார்கள். அக்டோபர் 18 இரவு டியூக் அணியிடம் 23-16. ஊரை உலுக்கியது இதுதான் என்பேன். அதுவரை இரு அணிகளும் மோதிய 22 ஆட்டங்களிலும் டியூக் ஜெயித்ததே இல்லை. கூடைப்பந்துக்குப் பேர்போன கல்லூரி அது. பிறகு மயாமி, வடக்கு கரோலினா, அடுத்து நோட்ர டேமிடம் 52-3.

அந்த ஆண்டு அணியில் குறை சொல்ல முடியாத இருவர் இருந்தார்கள். ஒருவர் கிக்கர் ரயன் ஃபிட்ஸ்ஜெரால்ட். கம்பங்களுக்கு நடுவே உதைக்க முயன்ற 13 ஃபீல்ட் கோல்களில் 13-உம் உள்ளே. இன்னொருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பண்டர் அலெக்ஸ் மாஸ்ட்ரோமானோ; நாட்டின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-அமெரிக்கன் பட்டியலில் இடம் பிடித்தார். இந்த ஆட்டத்தில் நான்கு வாய்ப்புக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முடியாது என்று தெரிந்தால் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த உதையை உதைப்பவர்தான் பண்டர். அவருக்கு 2024-இல் வேலைக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

---

பெட்டிச் செய்தி: 2024 பருவம் எண்களில்

ஃப்ளோரிடா ஸ்டேட் எடுத்த புள்ளிகள் 185. ஆட்டத்துக்குச் சராசரி 15.4.
கொடுத்த புள்ளிகள் 336. ஆட்டத்துக்குச் சராசரி 28.
இரண்டு வெற்றிகள்: கலிஃபோர்னியா (14-9), கீழ்ப்பிரிவு அணியான சார்ல்ஸ்டன் சதர்ன் (41-7).
சம பிரிவு அணிகளுக்கு எதிராக எடுத்த அதிகபட்சம் 21. அதுவும் முதல் ஆட்டத்தில். பிறகு அந்த எண்ணிக்கையை எட்டவே இல்லை.
ஏ.சி.சி. லீக் ஆட்டங்களில் 1-7.
1974-க்குப் பின் மிக மோசமான பருவம்.

---

வந்தவர்களும் போனவர்களும்

கோச் சரியில்லை, குவார்ட்டர்பேக் சரியில்லை என்பது டீக்கடைத் தீர்ப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் 2023 அணி எப்படி உருவானது என்று பார்த்தால் 2024 தானே விளங்கும்.

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்ட் 2024 ஏப்ரலில் நடந்தபோது, ஃப்ளோரிடா ஸ்டேட்டிலிருந்து பத்து பேர் தேர்வானார்கள். கல்லூரிக்குப் பெருமை. பத்து பேரில் ஒன்பது பேர் வேறு கல்லூரியில் சேர்ந்து, பிறகு இங்கே மாறி வந்தவர்கள். பள்ளிப் படிப்பு முடித்து நேராக டலஹாசிக்கு வந்து, இங்கேயே வளர்ந்தவர் ரெனார்டோ கிரீன் ஒருவர்தான்.

இதற்குக் கதவு திறந்தது 2021-இல். அதற்கு முன் கல்லூரி மாறும் கால்பந்து வீரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் ஒரு முறை மாறினால் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலை முதல், தன் பெயரையும் முகத்தையும் வைத்து மாணவ வீரர் விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. 2024-க்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இரண்டும் சேர்ந்து, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவேடு ஒரு சந்தையாக மாறியது. வீரர்களுக்கு இது நியாயம்தான். கோச் நினைத்தால் ஊர் மாறலாம், பையன் மாறக்கூடாது என்ற பழைய விதியில் நியாயம் இருந்ததில்லை. ஆனால் அணியைக் கட்டுகிறவரின் கணக்கு தலைகீழானது.

இந்தச் சந்தையின் நுட்பத்தை முதலில் பிடித்தவர்களில் நார்வெலும் ஒருவர். ஆல்பனி என்ற சின்னக் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த ஜாரெட் வெர்ஸைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். அவர் முதல் சுற்றிலேயே லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போனார். அப்படிக் குடிவந்தவர்களைக் கொண்டு கட்டிய வீடு 2023-இல் ஜொலித்தது. ஆண்டு முடிந்ததும் குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள். உள்ளே வளர்ந்து, முறைக்குக் காத்திருந்த இளைஞர்கள் போதுமான அளவில் இல்லை.

மறுபடியும் சந்தைக்குப் போனார்கள். அலபாமாவிலிருந்து ஐவர், ஜார்ஜியாவிலிருந்தும் எல்.எஸ்.யு.விலிருந்தும் ஆட்கள். பெரிய வீட்டுப் பெயர்கள். குவார்ட்டர்பேக் இடத்துக்கு உயங்கலெலெய். கிளெம்சனில் தொடங்கி, ஆரிகன் ஸ்டேட் போய், மூன்றாவது கல்லூரியாக இங்கே வந்தவர். அதே குளிர்காலத்தில் அண்டை வீட்டு எதிரியான மயாமி, கேம் வார்டு என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. வார்டு அக்டோபரில் ஃப்ளோரிடா ஸ்டேட்டை 36-14 என்று தோற்கடிக்கும் அணியை நடத்தினார். 2025 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வானார். ஒரே சந்தை, ஒரே மாதம், இரண்டு வாங்கல்.

---

பெட்டிச் செய்தி: 2024 டிராஃப்டில் போன பத்து பேர், அவர்கள் கிளம்பி வந்த இடம்

ஜாரெட் வெர்ஸ்: ஆல்பனி
கீயன் கோல்மன்: மிச்சிகன் ஸ்டேட்
பிரேடன் ஃபிஸ்க்: மேற்கு மிச்சிகன்
ரெனார்டோ கிரீன்: நேரே ஃப்ளோரிடா ஸ்டேட்
ட்ரே பென்சன்: ஆரிகன்
ஜாரியன் ஜோன்ஸ்: மிசிசிப்பி ஸ்டேட்
ஜோர்டன் டிராவிஸ்: லூயிவில்
ஜானி வில்சன்: அரிசோனா ஸ்டேட்
ஜஹீம் பெல்: தெற்கு கரோலினா
டேட்டம் பெத்யூன்: சென்ட்ரல் ஃப்ளோரிடா

---

விரட்டவும் முடியாது

2024 ஜனவரி 10-ஆம் தேதி அலபாமாவின் மகா கோச் நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். அடுத்த கோச் யார் என்ற பட்டியலில் நார்வெலின் பெயரும் அடிபட்டது. டலஹாசி பதறியது. சில நாளில் நார்வெலுக்கு எட்டு ஆண்டுப் புதிய ஒப்பந்தம். ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல், நம் பணத்தில் அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 85 கோடி ரூபாய்.

அணி ஓராண்டு நிலைக்கும். கோச்சுக்கு எட்டாண்டு வாக்கு. நான் பார்த்தவரை இந்தக் கதையின் முடிச்சு இதுதான். வீரர்களை ஆண்டுக்கு ஆண்டு மாற்றும் உரிமை இருதரப்புக்கும் வந்துவிட்டது. ஆனால் அவர்களைச் சுற்றிப் பல்கலைக்கழகம் போட்ட கையெழுத்துகள் எல்லாம் நெடுங்காலத்துக்கானவை. 13-0 பார்த்த சந்தோஷத்தில் போட்ட கையெழுத்து, 2-10 பார்த்த கோபத்தில் அழியாது. 2024 முடிவில் நார்வெலை அனுப்ப வேண்டுமானால் 6 கோடி டாலருக்கு மேல் கொடுத்தாக வேண்டும். வேலை செய்யாமல் இருப்பதற்காக.

இது அமெரிக்காவில் விசித்திரமும் இல்லை. இதே ஃப்ளோரிடா ஸ்டேட்டை விட்டுப் போன ஜிம்போ ஃபிஷரை, டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. நார்வெலுக்கு முன்பிருந்த வில்லி டேகர்ட்டை இரண்டு ஆண்டுகூட முடியும் முன் அனுப்பியபோது டலஹாசியே பெருந்தொகை கட்டிக் கைசுட்டுக்கொண்டது. 2025 இலையுதிர் காலத்தில் பென் ஸ்டேட் அணி ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அனுப்பியபோது தொகை சுமார் 4.9 கோடி, அவருக்கு வர்ஜீனியா டெக்கில் வேலை கிடைத்ததும் அது 90 லட்சமாகக் குறைந்தது. எல்.எஸ்.யு. பிரையன் கெல்லிக்குப் பேசிய தொகை 5 கோடியைத் தாண்டியது. இவை பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்கள். கால்பந்து வருமானம், நன்கொடையாளர் பணம், வரிப்பணம் இல்லை என்பார்கள். அந்த நன்கொடை நூலகத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்பவரை ஆட்ட நாளில் யாரும் கேட்பதில்லை.

யார் தலையில் விழுந்தது

தலைமைக் கோச்சை அனுப்ப முடியாதபோது கத்தி அடுத்த வரிசையில் விழும். நோட்ர டேமிடம் 52-3 தோற்ற மறுநாளே, நவம்பர் 10-ஆம் தேதி, தாக்குதல் பிரிவை நடத்திய அலெக்ஸ் அட்கின்ஸ், தடுப்புப் பிரிவை நடத்திய ஆடம் ஃபுல்லர், பந்து பிடிப்போரைப் பழக்கிய ரான் டூகன்ஸ் ஆகிய மூவரும் நீக்கப்பட்டார்கள். டூகன்ஸ் வெளியாள் இல்லை. 1999 பருவத்தில் இந்த அணி தேசியப் பட்டம் வென்றபோது, இறுதி ஆட்டத்தில் இரண்டு டச்டவுன் பிடித்தவர்.

அடுத்தது வீரர்கள். வருகிறேன் என்று வாக்குத் தந்திருந்த பள்ளி மாணவர்கள் பலர் மனம் மாறினார்கள். அலபாமாவிலிருந்து வந்த மாலிக் பென்சன் ஆரிகனுக்குப் போனார். இக்கட்டில் இறக்கிவிடப்பட்ட இளம் குவார்ட்டர்பேக் லூக் குரோமன்ஹூக் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு. பதினெட்டு, பத்தொன்பது வயது. வாரம் ஒரு தோல்வி, ஐம்பதாயிரம் பேர் முன்னால், நாடு முழுக்க நேரலையில். 2023-இன் நாயகன் டிராவிஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குத் தேர்வானார். ஆனால் அந்தக் கால் காயம் ஆறவில்லை. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2025-இல் ஓய்வை அறிவித்தார். மற்றவர்கள் இழந்தது ஒரு பருவம். அவர் இழந்தது தொழிலையே.

மைதானமும் அந்த நேரம் பார்த்துப் பாதி இடிந்து கிடந்தது. 79,560 பேர் உட்காரக்கூடியதாக இருந்த டோக் கேம்பலை 26.5 கோடி டாலர் செலவில் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். மேற்குப் பக்கம் மூடப்பட்டிருந்ததால் 2024-இல் ஏறத்தாழ 55,000 இருக்கைதான். புதுப்பித்த மைதானத்தில் இருக்கை குறைவு, சொகுசு அதிகம்: 67,277. அணி ஜொலிக்கும் என்ற நம்பிக்கையில் விலை வைத்து விற்கப்பட்ட இருக்கைகள் அவை.

நார்வெலும் தன் பங்குக்கு 2025 சம்பளத்தில் 45 லட்சம் டாலரைப் பல்கலைக்கழகத்தின் நிதித் திட்டத்துக்கே திருப்பித் தந்தார். பாராட்ட வேண்டியதுதான். மீதியே 50 லட்சத்துக்கு மேல் வரும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டியதுதான்.

இதற்கிடையில் ஆட்டத்தின் விலையே மாறியது. 2025 ஜூன் 6-ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த 'ஹவுஸ்' சமரசத்தின்படி, ஜூலை முதல் கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர். பெரும்பங்கு கால்பந்துக்குத்தான் போகும் என்பது ஊருக்கே தெரியும். டென்னிஸ், நீச்சல், கோல்ஃப் ஆடும் பிள்ளைகளின் பயணச் செலவும் கால்பந்து கொண்டுவரும் பணத்தில்தான் ஓடுகிறது. கால்பந்து அணி தோற்றால் அதைத் தூக்கி நிறுத்த இன்னும் பணம் வேண்டும் என்பார்கள். ஜெயித்தால் ஜெயித்தவர்களைத் தக்கவைக்க இன்னும் பணம் வேண்டும் என்பார்கள். நீச்சல் குளத்துக்கு எந்த ஆண்டு முறை வரும்?

கோர்ட்டில் கிடைத்த வெற்றி

2023 டிசம்பர் 22, அதாவது கமிட்டி ஒதுக்கி மூன்று வாரத்துக்குள், பல்கலைக்கழக அறங்காவலர்கள் தாங்கள் ஆடும் ஏ.சி.சி. லீக் மீதே வழக்குப் போட்டார்கள். லீக்கும் சளைக்கவில்லை, ஒரு நாள் முன்பாகவே வடக்கு கரோலினாவில் எதிர்வழக்குப் போட்டிருந்தது. சண்டை பணத்தைப் பற்றியது. தொலைக்காட்சி உரிமையை 2036 வரை லீக்கிடம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. போட்டி லீக்குகளோ கூடுதலாகச் சம்பாதிக்கின்றன. விலகலாம் என்றால் 57 கோடி டாலர் இழப்பு என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு.

சமரசம் 2025 மார்ச் 4-இல் வந்தது. லீக்கின் தொலைக்காட்சி வருமானத்தில் 40 சதவீதம் சமமாகப் பிரிக்கப்படும். 60 சதவீதம் எந்த அணியின் ஆட்டத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற ஐந்தாண்டுச் சராசரிப்படி. விலகும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, 2030-31-இல் 7.5 கோடியில் நிற்கும்.

2-10 என்று முடித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. லீக்கில் ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்த அணி, லீக்கின் பணத்தைப் பிரிக்கும் முறையையே தனக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டது. பார்வையாளர் கணக்கில் வெற்றிக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஃப்ளோரிடா ஸ்டேட் விழுவதைப் பார்க்கவும் நாடு டிவி முன் உட்கார்ந்தது. டியூக், வேக் ஃபாரஸ்ட் போன்ற சின்னக் கல்லூரிகள் ஒழுங்காக ஆடி ஜெயித்தாலும் அந்தக் கூட்டம் வராது. 2024 பருவத்தின் பின்விளைவுகளில் மிக அநியாயமானது எது என்று கேட்டால் இதைத்தான் கைகாட்டுவேன். ரசிகர் யாரும் இதற்காகக் கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

---

பெட்டிச் செய்தி: இவர்களைவிட அதிகம் தோற்றவர்கள்

நார்த்வெஸ்டர்ன்: 1979 முதல் 1982 வரை தொடர்ந்து 34 தோல்வி. 1981 நவம்பரில் தோல்விச் சாதனை படைத்த நாளில் மாணவர்கள் கோல் கம்பங்களைப் பிடுங்கி மிச்சிகன் ஏரிக்குத் தூக்கிப் போய்க் கொண்டாடினார்கள்.
கொலம்பியா: 44 தோல்வி. 1988 அக்டோபர் 8-இல் பிரின்ஸ்டனை 16-13 என்று வென்று மீண்டது.
பிரேரி வியூ ஏ அண்ட் எம்: 1989 முதல் 80 தோல்வி. 1998 செப்டம்பர் 26-இல் லாங்ஸ்டனை 14-12 என்று வென்றது.

---

அடுத்த குடித்தனம்

2025-க்கு நார்வெல் புது ஆட்களோடு வந்தார். தாக்குதலுக்கு கஸ் மால்சான், தடுப்புக்கு டோனி வைட். குவார்ட்டர்பேக்காக வந்தவர் டாமி கேஸ்டலானோஸ். பெயர் புதிதல்ல, 2024 செப்டம்பரில் இதே மைதானத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டை 28-13 என்று தோற்கடித்த பாஸ்டன் காலேஜின் குவார்ட்டர்பேக் அவரேதான். அங்கே பருவ முடிவில் உட்கார வைக்கப்பட்டார். கிளம்பி இங்கே வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக, அலபாமாவைக் காப்பாற்ற இப்போது சேபன் இல்லை என்ற பாணியில் சவால்வேறு விட்டார்.

ஆகஸ்ட் 30-இல் அந்த அலபாமாவை 31-17 என்று வீழ்த்தினார்கள். ரசிகர்கள் வேலி தாண்டி மைதானத்தில் குதித்தார்கள். அடுத்த இரண்டு ஆட்டம் 77-3, 66-10. 2024 முழுக்க 185 புள்ளி எடுத்த அணி, மூன்றே ஆட்டத்தில் 174. கெட்ட கனவு கலைந்தது என்று ஊர் நம்பியது.

பிறகு வர்ஜீனியாவிடம் இரண்டு கூடுதல் சுற்று ஆடி 46-38 தோல்வி. மயாமி, பிட்ஸ்பர்க், ஸ்டான்ஃபோர்ட். நவம்பரில் கிளெம்சன், என்.சி. ஸ்டேட், கடைசியாக மறுபடியும் ஃப்ளோரிடா, 40-21. மொத்தம் 5-7. சொந்த மைதானத்துக்கு வெளியே ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூட அந்த ஆண்டும் ஜெயிக்கவில்லை.

2025 முடிவில் நார்வெலை அனுப்பியிருந்தாலும் 5 கோடி டாலருக்கு மேல் ஆகியிருக்கும். நவம்பர் இறுதியில் பல்கலைக்கழகம் முடிவை அறிவித்தது: 2026-இலும் அவரே கோச். ஜனவரி 2-ஆம் தேதி டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இரண்டு வாரத்துக்குத் திறந்தது. ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு மறுபடியும் ஒரு குவார்ட்டர்பேக் தேவைப்பட்டது.